கோழி வேலி தாண்டாமல் தடுக்க: முழுமையான வழிகாட்டி

கோழி வேலியைத் தாண்டத் தொடங்கியதும் பலர் நேராகக் கத்தரிக்கோலைத்தான் எடுக்கிறார்கள். இறக்கையை வெட்டியாகிவிட்டது, இனி கவலையில்லை என்று இருக்கும்போதே அதே கோழி விறகுக் குவியலில் ஏறி, அங்கிருந்து வேலியின் மேல் தாவி, அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறது. வெட்டியதில் தவறில்லை. வேலையைத் தொடங்கிய வரிசைதான் தவறு.

கோழி எப்படித் தாண்டுகிறது என்று கவனித்தால் வரிசை ஏன் முக்கியம் என்பது புரியும். பெரும்பாலும் அது தரையிலிருந்து ஒரே வீச்சில் வேலிக்கு மேலே பறந்து போவதில்லை. முதலில் வேலியின் உச்சியை அண்ணாந்து பார்க்கும். பிறகு அந்த உச்சிக்குத் தாவி உட்காரும். அங்கே நின்று அந்தப் பக்கத்தை நோட்டம் விட்டு, அதன் பிறகே குதிக்கும். ஆகவே தடுக்க வேண்டியவை மூன்று: வெளியே போகத் தூண்டும் காரணம், ஏறிப் புறப்படும் இடம், உட்காரக் கிடைக்கும் விளிம்பு. இந்த மூன்றையும் சரிசெய்த பிறகும் தாண்டுகிற கோழிக்குத்தான் இறக்கை வெட்டு, அதாவது இறக்கையின் நீள இறகுகளைக் கத்தரிப்பது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வேலி வேலைக்கு: அளவு நாடா, கம்பி வெட்டும் குறடு, கட்டுக்கம்பி அல்லது கேபிள் டை, 5 செ.மீ. கண்ணுள்ள நைலான் வலை அல்லது அறுகோணக் கோழிவலை, வேலிக்கால்களின் உயரத்தை நீட்டிக்க மெல்லிய குழாய் அல்லது கம்பி.

இறக்கை வெட்டுக்கு: நல்ல கூர்மையான பெரிய கத்தரிக்கோல், அதைத் துடைக்க ஸ்பிரிட், பழைய துண்டு, சுத்தமான பஞ்சு, இரத்தம் நிறுத்தும் பொடி. பொடி கிடைக்காவிட்டால் கார்ன்ஃப்ளார் மாவு போதும். மழுங்கிய கத்தரிக்கோல் இறகின் தண்டை வெட்டாமல் நசுக்கிப் பிளக்கும். தண்டு பிளந்தால் முனை கூராகி, இறக்கையை மடக்கும்போதெல்லாம் கோழியின் விலாவில் குத்தும்.

கோழிகளை அடையாளம் காண வண்ணக் கால் வளையங்களும் வேண்டும். ஒரே நிறக் கோழிகள் பத்து இருந்தால் எது தாண்டியது என்று நினைவில் வைக்க முடியாது. இளங்கோழிக்கு வளையம் போட்டால் மாதம் ஒருமுறை பார்த்துத் தளர்த்துங்கள். கால் பருத்து வளையம் உள்ளே அழுந்திவிடும்.

2. இரண்டு மூன்று நாள் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

எது தாண்டுகிறது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற மூன்றையும் எழுதுங்கள். கூட்டத்தில் எல்லாக் கோழிகளும் தாண்டுவது அரிது. ஒன்றிரண்டு தொடங்கும், மற்றவை பார்த்துப் பின்தொடரும். அந்த ஒன்றிரண்டை முதலில் கண்டுபிடித்தால் பாதி வேலை குறையும்.

நேரம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். காலையில் கூண்டைத் திறந்தவுடன் தாண்டினால் பசியோ நெரிசலோ இருக்கிறது. முற்பகலில் ஒரு பெட்டை மட்டும் தனியாகக் கிளம்பினால் அது பெரும்பாலும் முட்டையிட மறைவான இடம் தேடுகிறது. மாலையில் அடையும் நேரத்தில் தாண்டினால் மரக்கிளை அதன் குறி. குறிப்பிட்ட நேரமில்லாமல் திடீரென்று நாலைந்து கோழிகள் ஒன்றாகக் கிளம்பினால் நாயோ பருந்தோ சத்தமோ மிரட்டியிருக்கிறது. மிரண்ட கோழி மேலே சொன்ன வழக்கத்தையெல்லாம் பார்க்காது. உச்சியில் உட்காராமலே, வழக்கமாக எட்டாத உயரத்தையும் அது கடந்துவிடும்.

இன்னொன்றையும் இந்த நாட்களிலேயே உறுதி செய்யுங்கள்: கோழி உண்மையிலேயே மேலேறித்தான் போகிறதா? கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் இளங்கோழி அதன் வழியாகத் தவழ்ந்து போய்விடும். வெளியே நிற்கும் கோழியைப் பார்த்ததும் பறந்துதான் வந்தது என்று முடிவு கட்டி, வேலியை உயர்த்திவிட்டு, அடியில் இருக்கும் ஓட்டையை அப்படியே விடுவது அடிக்கடி நடக்கிறது. வேலியை ஒரு சுற்று குனிந்து பார்த்தபடி நடந்து, தரைக்கும் வலைக்கும் நடுவே கை நுழையும் இடங்களை எல்லாம் அடைத்துவிடுங்கள்.

3. உங்கள் கோழிக்கு எவ்வளவு உயரம் எட்டும்

உடல் எடைக்கும் இறக்கையின் பரப்புக்கும் உள்ள விகிதமே இதைத் தீர்மானிக்கிறது. பிரம்மா, கொச்சின், ஆர்பிங்டன் போன்ற கனத்த இனங்களுக்கு 4 அடி வேலி பெரும்பாலும் போதும். ரோடு ஐலண்ட் ரெட், பிளைமவுத் ராக் போன்ற நடுத்தர இனங்களுக்கு 5 முதல் 6 அடி வேண்டும். லெகார்ன், அன்கோனா, ஹாம்பர்க், மெலிந்த நாட்டுக்கோழிகள், பேண்டம் எனும் குட்டை வகைகள் ஆகியவை 6 அடியைச் சிரமமில்லாமல் எட்டும். இவற்றுக்கு 7, 8 அடி வேலியோ மேல் வலையோ தேவை. சில்கி இனம் பறக்கவே பறக்காது. அதன் இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதில்லை என்பதால் காற்று ஊடே போய்விடும். அதற்கு 3 அடி போதும்.

வயதை மறந்துவிடாதீர்கள். இரண்டு மாதம் முதல் ஐந்து மாதம் வரையுள்ள இளங்கோழி, அதே இனத்தின் வளர்ந்த கோழியைவிட நன்றாகப் பறக்கும். இறக்கை வளர்ந்துவிட்டது, உடம்பு இன்னும் கனக்கவில்லை. கனத்த இனம் என்று நம்பி 4 அடி வேலி போட்டவர்கள் இந்தப் பருவத்தில்தான் ஏமாறுகிறார்கள். அதைவிட முக்கியம், இந்த வயதில் தாண்டக் கற்றுக்கொண்ட கோழி பின்னாலும் முயன்றுகொண்டே இருக்கும். குஞ்சுகள் வெளியே வருவதற்கு முன்பே வேலியை முடித்துவிடுங்கள்.

4. வெளியே போகத் தூண்டும் காரணத்தை உள்ளேயே தீர்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். போகக் காரணம் இருக்கும் கோழி எந்த வேலியிலும் ஒரு பலவீனமான இடத்தைக் கண்டுபிடிக்கும்.

இடம்: மேய்ச்சல் வளாகத்தில் ஒரு கோழிக்குக் குறைந்தது 10 சதுர அடி, இரவில் அடையும் கூண்டில் 4 சதுர அடி. இதற்குக் குறைந்தால் பலவீனமான கோழிகள் கொத்து வாங்கிக்கொண்டே இருக்கும். ஓடி ஒளிய உள்ளே இடமில்லாதபோது வேலிதான் அவற்றுக்கு வழி. வளாகம் சிறியதாக இருந்தால் நடுவில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், அல்லது புதர்ச்செடி ஒன்றை நடுங்கள். துரத்தும் கோழியின் பார்வையிலிருந்து மறைய ஓர் இடம் கிடைத்தாலே சண்டை குறையும்.

தீவனம்: ஒரே ஒரு தொட்டி இருந்தால் வலிமையான இரண்டு கோழிகள் அதைக் காவல் காக்கும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு தொட்டிகள் வையுங்கள்; தண்ணீரும் அப்படியே இரண்டு இடத்தில். வளாகத்தின் தரை வெறும் மண்ணாகி, வேலிக்கு வெளியே பசும்புல் தெரிந்தால் கோழி அதைத் தேடிப் போகும். தினமும் கீரையோ களையோ வெட்டி உள்ளே கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் சில நிமிடங்களில் மிதிபட்டுவிடும். தொங்கினால் நெடுநேரம் கொத்திக்கொண்டிருக்கும்.

முட்டைப் பெட்டி: நான்கைந்து பெட்டைகளுக்கு ஒரு பெட்டி, ஓரடிக்கு ஓரடி அளவு, இருட்டான மூலையில். பெட்டிகள் வெளிச்சத்தில் இருந்தாலோ அழுக்காக இருந்தாலோ பெட்டை வேலிக்கு அப்பால் புதர் தேடும். ஒருமுறை வெளியே முட்டையிட்டுப் பழகிய பெட்டையைத் திருப்ப, சில நாட்கள் முற்பகல் முழுவதும் கூண்டிலேயே வைத்து, பெட்டியில் ஒரு போலி முட்டையையும் போட்டு வையுங்கள்.

சேவல்: பெட்டைகள் குறைவாகவும் சேவல்கள் அதிகமாகவும் இருந்தால் பெட்டைகள் ஓடத்தான் செய்யும். தோற்ற சேவலும் ஓடும். உபரிச் சேவல்களைத் தனியாகப் பிரிப்பது வேலியை ஓரடி உயர்த்துவதைவிடப் பயன் தரும்.

புதிதாக வந்த கோழிகளை முதல் ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம், கூண்டை விட்டு வெளியே விடாதீர்கள். எங்கே அடைவது என்பது அவற்றுக்கு மனதில் பதிய அந்த நாட்கள் தேவை. பிறகு முதல் சில நாட்கள் அடையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் திறந்து விட்டு, இருட்டும்போது தீவனத்தைக் காட்டிக் கூண்டுக்குள் அழையுங்கள்.

5. ஏறுபடிகளை அகற்றுவது

வேலியிலிருந்து 6 அடி தூரத்துக்குள் கோழி ஏறி நிற்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. விறகுக் குவியல், கவிழ்த்த தொட்டி, உரக்குழி மேடு, தள்ளுவண்டி, முட்டைப் பெட்டியின் கூரை எல்லாமே படிகள்தான். 2 அடி உயரப் பொருள் ஒன்று வேலியோரம் இருந்தால் 6 அடி வேலி அந்தக் கோழிக்கு 4 அடி வேலிதான்.

கூண்டே வேலியோரம் இருந்து நகர்த்த முடியாவிட்டால், அதன் கூரைக்கும் வேலி உச்சிக்கும் இடையே வலை கட்டி அந்த இடைவெளியை மூடிவிடுங்கள். கூரைச் சரிவைக் கூட்டினாலும் பயனுண்டு. வழுவழுப்பான தகடு 45 பாகைக்கு மேல் சாய்ந்தால் கோழியால் அதில் நிலையாக நிற்க முடியாது.

மரங்களில் தரையிலிருந்து 8 அடி வரையுள்ள கிளைகளைக் கழித்துவிடுங்கள். வேலிக்கு மேல் நீளும் கிளை எந்த உயரத்தில் இருந்தாலும் ஆபத்துதான். கோழி கிளைகிளையாக மேலேறிப் போய் அந்தப் பக்கம் இறங்கும்.

வேலியின் சொந்த உறுப்புகளே ஏணியாவதைப் பலர் கவனிப்பதில்லை. மூலைக்காலுக்கு முட்டுக்கொடுக்கும் சாய்வுக் கட்டை வளாகத்துக்கு உள்பக்கம் இருந்தால் கோழி அதில் நடந்தே மேலே போகும். நடுவில் ஓடும் கிடைச்சட்டமும் அப்படித்தான். முட்டுகளும் சட்டங்களும் எப்போதும் வெளிப்பக்கம், வலை உள்பக்கம். ஏற்கெனவே உள்ளே இருந்தால் அவற்றின் மேல் வலையைப் போர்த்தி, கால் பதியாதபடி செய்யுங்கள்.

6. வேலியின் உயரமும் மேல்விளிம்பும்

உயரத்தைவிட மேல்விளிம்பு முக்கியம். ஆடாத, தெளிவாகத் தெரிகிற கட்டை மேலே இருந்தால் கோழிக்கு இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைக் குறிவைத்துத் தாவும். மேலே எதுவும் பிடிப்பாகத் தெரியாத 5 அடி வலை, அகலமான மரச்சட்டம் பொருத்திய 6 அடி வேலியைவிடப் பல நேரம் நன்றாகத் தடுக்கும்.

புதிதாக வேலி போடுபவர்களுக்கு எளிய முறை இது. வேலிக்கால்களைவிட ஓரடி உயரமான வலையை வாங்கி, கால்களின் உச்சி வரை மட்டும் கட்டுங்கள். மீதி ஓரடி எதிலும் கட்டப்படாமல் தளர்ந்து நிற்கட்டும். கோழி அதைப் பற்றினால் வலை வளைந்து உள்பக்கமே சரியும். இரண்டு மூன்று முறை அப்படி விழுந்தபின் பெரும்பாலான கோழிகள் முயல்வதில்லை. இங்கே நிகழும் தவறு, தளர்வு அழகாக இல்லை என்று உச்சியில் ஒரு கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. அந்தக் கம்பி மறுபடியும் உட்காரும் இடமாகிவிடும்.

ஏற்கெனவே மரச்சட்டமோ சுவரோ இருக்கிறது, இடிக்க முடியாது என்றால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, உயர நீட்டிப்பு. 5, 6 அடிக்கு ஒன்றாக மெல்லிய குழாய்களைச் சட்டத்தோடு கட்டி, அவற்றில் 2 அடி நைலான் வலையை நிறுத்துங்கள். வலையின் அடிப்பகுதி சட்டத்தின் உள்முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். வலை சட்டத்தின் வெளிமுகத்தில் இருந்தால் சட்டத்தின் மேல் கால் வைக்க இடம் மிஞ்சும். அங்கே நின்று கோழி இரண்டாவது முறை தாவும்.

இரண்டாவது, உள்நோக்கிய சாய்வு. ஒன்றரை முதல் 2 அடி நீளமுள்ள கைகளை (வலையைத் தாங்கும் குழாய் அல்லது கம்பித் துண்டுகளை) 45 பாகையில் உள்பக்கம் சாய்த்துப் பொருத்தி வலை கட்டுங்கள். வேலியோரம் நின்று நேர்மேலே எழும்பும் கோழி இந்த வலையின் அடியில் முட்டும். சாய்வு வெளிநோக்கி இருந்தால் கோழிக்கு எந்தத் தடையும் இல்லை. வெளியிலிருந்து ஏறும் விலங்குகளை மட்டுமே அது மறிக்கும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி மலிவானது, பலனும் அதற்கேற்பக் குறைவு: சட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. மேலே ஒரு மெல்லிய கம்பியை ஓடவிடுவது. இறங்க வரும் கோழியின் மார்பில் அது தட்டி நிலைகுலைக்கும். நடுத்தரமான, கனத்த இனங்களுக்கு இது போதும். மெலிந்த கோழி கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழையக் கற்றுவிடும்.

வெளியே இருக்கும் தோட்டமோ பிற கோழிகளோதான் ஈர்க்கின்றன என்று முன்பு கண்டிருந்தால், வேலியின் கீழ் 2, 3 அடிக்கு நிழல்வலை கட்டி மறையுங்கள். கண்ணில் படாததைத் தேடி அவ்வளவாகப் போகாது. ஆனால் நிழல்வலை காற்றைப் பிடிக்கும்; வேலிக்கால்கள் குறைந்தது 2 அடி ஆழம் ஊன்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பலத்த காற்றில் வேலியே சாய்ந்துவிடும்.

7. மேல் வலை எப்போது, எப்படி

பேண்டம், லெகார்ன், மெலிந்த நாட்டுக்கோழிகள் வளர்த்து, வளாகமும் சிறியதாக இருந்தால் உயரத்தோடு போராடாமல் மேலே மூடிவிடுவதே நல்லது. பருந்திலிருந்தும் காப்பு கிடைக்கும்.

உள்ளே நீங்கள் நிமிர்ந்து நடக்கும்படி குறைந்தது ஆறரை அடி உயரத்தில் வலை இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் சுத்தம் செய்வது சிரமமாகி, நாளடைவில் வளாகமே அசுத்தமாகும். 6 முதல் 10 அடிக்கு ஒரு தாங்குகம்பி இழுத்து அதன் மேல் வலையை விரியுங்கள். தாங்குகம்பி இல்லாமல் நான்கு மூலையில் மட்டும் கட்டினால் நடுவில் தொய்ந்து, அதில் சருகு சேர்ந்து, கனம் தாங்காமல் கிழியும். பனி பொழியும் இடங்களில் நுண்கண் வலை இன்னும் மோசம், 5 செ.மீ. கண்ணுள்ளது பனியை ஓரளவு கீழே விடும். வெயிலைத் தாங்கும்படி புற ஊதாக் காப்பு சேர்த்த நைலானைத்தான் வாங்க வேண்டும். சாதாரண வலை வெயிலில் நொறுங்கிவிடும்.

வலையும் வேலியும் சேரும் விளிம்பை ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டு போட்டு இணையுங்கள். பெரும்பாலான மேல் வலைகளில் கோழி தப்பும் இடம் இந்த விளிம்புதான்.

8. இறக்கை வெட்டு

யாருக்கு வெட்டக் கூடாது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். இறகு உதிர்த்து முளைக்கும் பருவத்தில் உள்ள கோழி, நோயுற்ற கோழி, குஞ்சோடு திரியும் தாய்க்கோழி, நாயும் கீரியும் வந்துபோகும் திறந்தவெளியில் மேயும் கோழி ஆகியவற்றுக்கு வேண்டாம். பறந்து தப்புவதுதான் தரைக்கோழியின் முதன்மைப் பாதுகாப்பு. அதை எடுத்துவிடுகிறோம் என்றால் அதற்கு ஈடாக வேலியும் இரவுக் கூண்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

ஐந்து மாதத்துக்குக் குறைந்த கோழிக்கு வெட்டினால் வேலை வீண். அந்த வயது வரை குஞ்சுப்பருவ இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். வெட்டிய சில வாரங்களில் மீண்டும் பறக்கும். இந்த வயதுக்கு வேலிதான் தீர்வு.

நேரம்: இருட்டிய பிறகு, கோழி அடைந்தபின். மங்கிய வெளிச்சத்தில் கோழி அமைதியாக இருக்கும், துரத்த வேண்டியதில்லை. இருவராகச் செய்வது நல்லது. ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட.

பிடிப்பது: இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி, துண்டால் தலையை மூடி, மடியில் வையுங்கள். நெஞ்சை இறுக்காதீர்கள். கோழிக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு போகும். இறுக்கிப் பிடித்த கோழி சத்தமில்லாமல் மூச்சுத் திணறும்.

விரிப்பது: ஒரு இறக்கையை மெதுவாக விசிறிபோல் விரியுங்கள். நுனியிலிருந்து உள்நோக்கி எண்ணினால் முதல் பத்தும் நீளமான, விறைத்த முதன்மை இறகுகள். அதற்கு அடுத்து ஓர் இறகு மட்டும் குட்டையாக இருக்கும். அதுதான் எல்லை. அதற்கு அப்பால் உடம்பை நோக்கி வருபவை இரண்டாம் நிலை இறகுகள்; அவற்றைத் தொட வேண்டாம். குளிரிலிருந்தும் மழையிலிருந்தும் உடம்பைப் போர்த்துபவை அவைதான். மடக்கிய நிலையில் முதன்மை இறகுகள் அவற்றுக்குள் மறைந்துகொள்வதால், சரியாக வெட்டிய கோழியைப் பார்த்தால் வெட்டியதே தெரியாது.

தண்டைப் பார்ப்பது: வெட்டும் முன் இறக்கையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து ஒவ்வொரு தண்டின் அடியையும் பாருங்கள். முதிர்ந்த தண்டு வெளுத்து, உள்ளீடற்று, கண்ணாடிபோல் தெரியும். கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் அது இன்னும் வளரும் இரத்த இறகு; உள்ளே இரத்தம் ஓடுகிறது. ஒன்றிரண்டு மட்டும் அப்படி இருந்தால் அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டலாம். நாலைந்து இருந்தால் அன்றைக்கு வெட்டாதீர்கள். ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். கறுப்பு இறகுக் கோழிகளுக்குத் தண்டின் நிறம் சில நேரம் ஏமாற்றும். தொட்டுப் பாருங்கள்: வளரும் தண்டு தடித்து, அடியில் மெழுகுபோன்ற உறையோடு இருக்கும்.

வெட்டுவது: முதன்மை இறகுகளின் மேல் குட்டையான மூடுஇறகுகள் ஒரு வரிசை படிந்திருக்கும். அந்த வரிசையின் முனையிலிருந்து 1 முதல் ஒன்றரை செ.மீ. வெளியே, அதே கோட்டைப் பின்பற்றி, பத்தையும் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். மூடுஇறகுக்கு உள்ளே கத்தரிக்கோல் போகவே கூடாது. அங்கே தசையும் எலும்பும் நெருங்கிவிடும். மாறாக, பயந்துகொண்டு நுனியை மட்டும் இரண்டு விரல் அளவு வெட்டுவதும் வீண். காற்றைத் தள்ளும் பரப்பு அப்படியே இருக்கும்.

முதிர்ந்த இறகை வெட்டினால் வலி இல்லை. நகத்தை வெட்டுவது போலத்தான்.

ஒரு இறக்கையா, இரண்டுமா என்பது பலருக்கும் எழும் ஐயம். ஒன்றை மட்டும் வெட்டுங்கள். கோழி எழும்பினால் ஒரு பக்கமாகத் திரும்பி நிலை தவறும். உயரம் பிடிக்க முடியாது. இரண்டையும் வெட்டினால் சமநிலை அப்படியே இருக்கும். மெலிந்த கோழி கால் பலத்தாலும் மீதி இறகுகளாலும் நேராக எழும்பி 4, 5 அடியை எட்டிவிடும். கூட்டம் முழுவதற்கும் ஒரே பக்கத்து இறக்கையையே வெட்டினால், யாருக்கு வெட்டியாயிற்று என்று பின்னால் எளிதாகத் தெரியும்.

இறக்கையின் நுனி மூட்டையே நிரந்தரமாகத் துண்டிக்கும் முறை ஒன்றும் உண்டு. அது எலும்பை வெட்டும் அறுவை. வீட்டுக் கோழிக்கு அதற்கு எந்தத் தேவையும் இல்லை, செய்யவே வேண்டாம்.

9. இரத்தம் வந்தால்

பதறாமல் கார்ன்ஃப்ளாரையோ பொடியையோ வெட்டுமுனையில் வைத்து, பஞ்சால் இரண்டு முதல் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் திறந்து பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும். நின்றபின் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, கோழியைத் தனியாக ஒரு நாள் வையுங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கும், கொத்திய இடம் பெரிய புண்ணாகும்.

அழுத்தியும் நிற்காவிட்டால் அந்தத் தண்டை அடியோடு பிடுங்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர் முயல வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

10. வெட்டியபின் கூண்டில் செய்ய வேண்டிய மாற்றம்

இதை மறப்பவர்கள் அதிகம். வெட்டிய கோழியால் ஏறவும் முடியாது, மெதுவாக இறங்கவும் முடியாது. 4 அடி உயரக் கட்டையில் அடைந்து பழகிய கோழி காலையில் கல்லைப்போல் கீழே விழும். திரும்பத் திரும்ப அப்படி விழுந்தால் உள்ளங்கால் வீங்கிச் சீழ்க்கட்டி வரும், மார்பெலும்பிலும் அடிபடும்.

அடையும் கட்டையை 2 அடிக்குத் தாழ்த்துங்கள். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் கட்டை நீளம் வேண்டும். தாழ்த்த முடியாவிட்டால், குறுக்குக் கட்டைகள் அடித்த சாய்வுப் பலகை ஒன்றை வையுங்கள். கட்டைக்கு அடியில் வைக்கோலோ மரத்தூளோ 4 அங்குலம் கனமாகப் போடுங்கள். முட்டைப் பெட்டி உயரத்தில் இருந்தால் அதற்கும் படி வேண்டும். இல்லாவிட்டால் முட்டை தரையில் விழத் தொடங்கும்.

11. இறகு உதிர்ப்பும் மறுவெட்டும்

வெட்டிய தண்டு தானாக வளராது. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பகல் நீளம் குறையும் காலத்தில், பழைய தண்டு உதிர்ந்து புது இறகு முளைக்கும். குட்டை இறகுக்கு அடுத்ததிலிருந்து தொடங்கி நுனியை நோக்கி ஒவ்வொன்றாக மாறும். முழுதும் முடிய இரண்டு முதல் மூன்று மாதம் ஆகலாம்.

இந்த நாட்களில் வெட்டிய கோழியைச் சற்றுக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமாகப் புது இரத்த இறகுக்கு இரு பக்கமும் பழைய நீள இறகுகள் காவலாக நிற்கும். வெட்டிய இறக்கையில் அந்தக் காவல் இல்லை. முளைக்கும் இறகு எதிலாவது மோதி முறிந்து இரத்தம் கொட்டலாம். கூண்டுக் கதவின் கூரான விளிம்புகளை மழுக்குங்கள், பிடிப்பதைக் குறையுங்கள், தீவனத்தில் புரதத்தைக் கூட்டுங்கள். இறகு பெரும்பகுதி புரதமே.

பத்து தண்டும் வெளுத்தபின் மறுவெட்டு. அதற்குமுன் ஒரு கேள்வி: இந்தக் கோழிக்கு இன்னும் வெட்டு தேவைதானா? உடம்பு கனத்து, வளாகத்துக்குப் பழகிவிட்ட கோழிகளில் பல ஓராண்டுக்குப் பிறகு வேலியை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. இரண்டு வாரம் வெட்டாமல் விட்டுப் பாருங்கள்.

12. இவ்வளவுக்குப் பிறகும் தாண்டினால்

வெளியே போன கோழியைத் துரத்தாதீர்கள். துரத்தினால் மிரண்டு இன்னும் உயரமாக எழும்பும். எழும்ப முடியும் என்பதையும் கற்றுக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்து, உள்ளே தீவனப் பாத்திரத்தைத் தட்டுங்கள். வராவிட்டால் இருபுறமும் நீளக் கழியை நீட்டிப் பிடித்தபடி பின்னால் மெதுவாக நடந்து, வேலியோரமாகக் கதவை நோக்கி ஓட்டுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் இருட்டும் வரை பொறுத்து, அடைந்த இடத்திலிருந்து கையால் எடுத்து வாருங்கள்.

பிறகு அதன் இறக்கையை விரித்துப் பாருங்கள். விடுபட்ட இரண்டு மூன்று இறகுகளும், புதிதாக முளைத்தவையும்தான் பெரும்பாலும் காரணம். வெட்டு சரியாக இருந்தால் அது ஏறிய இடத்தைத் தேடுங்கள். சகதியில் நடந்த கோழியின் கால்தடம் சட்டத்திலும் முட்டுக்கட்டையிலும் அப்படியே இருக்கும்.

எதுவும் அகப்படாமல், அதே ஒரு கோழி மட்டும் தினமும் போய்க்கொண்டிருந்தால், மேல் வலை போட்ட சிறு அடைப்பு ஒன்றை அதற்கு மட்டும் அமைத்துவிடுங்கள். தோழியாக இன்னொரு கோழியையும் சேர்த்து விடுங்கள். தனியாக அடைத்த கோழி தன் கூட்டத்தைத் தேடி வலையிலேயே மோதிக்கொண்டிருக்கும்.